கான்கேட்டனேட்டிவ் மொழியைக் கோர்வைமொழி எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாய் என்ற நிரல்மொழியைத் தமிழில் அறிமுகப்படுத்த ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அது எந்த வகை மொழி என்று சொல்லவே தமிழில் சொல் இல்லை. ஆங்கிலத்தில் கான்கேட்டனேட்டிவ் என்கிறார்கள், அதாவது கட்டளைகளை அடுத்தடுத்து எழுதுவதாலேயே நிரல் உருவாகும் மொழி. போன வாரம் இதைக் கேட்டபோது பலர் சொற்களைத் தந்தீர்கள். ஒவ்வொன்றையும் கட்டுரைக்குள் வைத்து எழுதிப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஜாயை உருவாக்கியவர் மெல்பர்னில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் மான்ஃபிரெட் ஃபான் தூன். அவர் மெய்யியல்காரர். இந்த மொழியில் மாறிகள் இல்லை, உள்ளீடுகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் இல்லை. கட்டளைப் பெயர்களை மட்டும் தமிழாக்கி எழுதினால் ஒரு நிரல் இப்படி இருக்கும்:

2 3 கூட்டு

மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்தே எடுக்கும் இடம் அடுக்கு, ஆங்கிலத்தில் ஸ்டாக். 2 அந்த அடுக்கில் ஏறுகிறது, அதன் மேல் 3 ஏறுகிறது. 'கூட்டு' மேலே இருக்கும் இரண்டையும் எடுத்து 5-ஐ வைக்கிறது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இது தலைகீழ் எழுத்து. லூக்காசியேவிச் என்ற போலந்துத் தருக்க அறிஞர் செயலைக் காட்டும் குறியை முன்னால் வைத்தார். அதைத் திருப்பிப் பின்னால் வைத்ததால் இதற்குத் தலைகீழ்ப் போலிஷ் முறை என்றே பெயர் விழுந்துவிட்டது. 1972-இல் வந்த ஹெச்பி-35 கணிப்பானை வாங்கியவர்கள் இதைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. நாம் பழக என்ன இருக்கிறது? 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்றுதானே பேசுகிறோம்? வினை கடைசியில் வருவது நம் வாய்க்கு இயல்பு. எழில் என்ற தமிழ் நிரல்மொழியிலும் நிபந்தனை முன்னால் நிற்க, 'ஆனால்' அதன் பின்னால்தான் வருகிறது.

இன்னொரு நிரல்:

[1 2 3 4] [இரட்டி பெருக்கு] ஒவ்வொன்றுக்கும்

'இரட்டி' மேலே உள்ளதை இன்னொரு பிரதி எடுத்து வைக்கும், 'பெருக்கு' இரண்டையும் பெருக்கும். ஆக, விடை [1 4 9 16]. சதுர அடைப்புக்குள் இருப்பது ஓடாத நிரல். ஓடச் சொல்லும்வரை அதுவும் எண்ணைப் போல அடுக்கில் உட்கார்ந்திருக்கும்.

'அடுக்குவழி மொழி என்று வைத்துவிட்டுப் போங்களேன், எல்லோருக்கும் புரியும்' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அடுக்கு என்ற சொல்லில் எனக்குக் குறை இல்லை. அடுக்குப்பானையில் மேல்பானையை இறக்காமல் கீழ்ப்பானையில் கைவிட முடியாது என்பது எந்த வீட்டிலும் தெரிந்த செய்தி. மற்றவர்களுக்கு இந்தப் படிமம் அவ்வளவு எளிதில் அமையவில்லை. கணினியியல் முன்னோடி டூரிங் 1946-இல் புதைத்தல், தோண்டியெடுத்தல் என்று பெயர் வைத்தார். 1957-இல் இதற்குக் காப்புரிமை கேட்ட ஜெர்மானியர்கள் பாவரும் சாமெல்சனும் நிலவறை என்றார்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் அந்த நிலவறை இருக்கிறது. நமக்கு அடுக்கு கையருகிலேயே கிடைத்தது.

ஆனால் இந்த மொழிகளின் தனித்தன்மை அடுக்கு அல்ல. ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் பொறியும் அடுக்கை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அதற்காக ஜாவாவை யாரும் இந்த வகையில் சேர்ப்பதில்லை. ஜாயில் ஒவ்வொரு சொல்லும் ஓர் அடுக்கை வாங்கி இன்னோர் அடுக்கைத் தரும் சார்பு (ஃபங்ஷன்). 2 என்பதுகூட வெறும் எண் அல்ல, வாங்கிய அடுக்கின் மேல் 2-ஐ வைத்துத் திருப்பித் தரும் சார்பு. இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே இரண்டு சார்புகளும் சேர்ந்து ஒரே சார்பாகிவிடுகின்றன. இந்த மொழியில் வேறு இலக்கணம் அநேகமாகக் கிடையாது. நாம் தேடும் சொல் இந்தச் செயலைத்தான் சொல்ல வேண்டும்.

கேட்டெனா என்றால் இலத்தீனில் சங்கிலி. அதிலிருந்துதான் ஆங்கிலச் சொல் பிறந்தது. அதற்காக நாமும் சங்கிலியைப் பிடிக்க வேண்டியதில்லை.

உங்கள் சொற்களுக்கு வருகிறேன். சரமொழி அழகாக இருக்கிறது, ஆனால் எழுத்துகளின் வரிசையைச் சரம் என்று சொல்லப் பழகிவிட்டோம். படிப்பவர் இது உரையைக் கையாளும் மொழி என்று நினைப்பார். தொடர்மொழி நன்னூல் தரும் சொல். ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்ற பகுப்பில் அது ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. தொடுமொழி என்றால் தொடுதிரை நினைவுக்கு வரும். பூத் தொடுப்பதும் விரலால் தொடுவதும் வினைத்தொகையில் ஒன்றாகிவிடுகின்றன. தொடுப்பு என்றால் பேச்சுவழக்கில் கள்ள உறவு என்று அக்கா ஒருவர் நினைவூட்டினார். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் சொல்லில் அந்தத் தடை வேண்டாம்.

அந்தாதிமொழியை விட்டுக்கொடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம்! இதைவிடப் பொருத்தம் உண்டா என்றுதான் தோன்றியது. ஆனால் இந்த நிரலைப் பாருங்கள்:

2 3 4 கூட்டு பெருக்கு

'கூட்டு' 3-ஐயும் 4-ஐயும் எடுத்து 7 ஆக்குகிறது. அடியில் காத்திருந்த 2 அதன் பிறகுதான் 'பெருக்கு' கைக்குப் போய் 14 ஆகிறது. முழு அடுக்கும்தானே கைமாறுகிறது என்று வாதாடலாம், அதுவும் சரிதான். என்றாலும் அந்தாதியில் முடிந்த சொல்லே மறுபடி கண்ணுக்குத் தெரிய வந்து தொடங்கும். இங்கே கைமாறுவது எழுத்தில் தெரிவதே இல்லை. அந்தாதி தெரிந்தவர்களுக்கே அது தவறான படத்தைத் தந்துவிடும். விளக்க உவமையாக அது கட்டுரையில் இருக்கட்டும்.

மிஞ்சியது கோவை. கோவைமொழி என்றதும் கொங்குத் தமிழ்தான் நினைவுக்கு வருகிறது. கோப்பு என்றாலோ, அது கணினியில் வேறு பொருள். பிறகுதான் கோர்வை என்ற வடிவம் தோன்றியது. 'கோர்வையாச் சொல்லு' என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஒன்றன்பின் ஒன்றாக, விட்டுப்போகாமல் என்று பொருள். மிருதங்கக்காரர்களும் கோர்வை என்கிறார்கள். சிறு சிறு சொற்கட்டுகளைக் கோத்து, கணக்குத் தப்பாமல் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் தாள இடத்தில், வந்து இறங்குவது அது. இதே வகையைச் சேர்ந்த ஃபாக்டர் மொழியில் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஒவ்வொரு சொல்லும் எத்தனை எடுக்கிறது, எத்தனை வைக்கிறது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கூட்டல் பிசகினால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

கோர்வை பிழை, கோவையே சரி என்று இலக்கணம் அறிந்த ஐயா ஒருவர் சொல்வார் என்று தெரியும். வேர் 'கோ' என்பதை ஒப்புக்கொள்கிறேன். வினையைக் 'கோத்தல்' என்றே எழுதுவோம். பெயரை மட்டும் வழக்கில் உள்ளபடி விட்டுவிடலாம் என்பது என் வேண்டுகோள். ஊர்ப்பெயரோடு மோதாத வடிவத்தை மக்களே செய்து வைத்திருக்கும்போது அதை ஏன் திருத்த வேண்டும்?

இந்தச் சொல்தான் சரி என்று என்னை நம்பவைத்தது, ஜாய் போன்ற நிரல்களைப் படித்து ஓட்ட நானே எழுதிப் பார்த்த சிறிய இன்டர்ப்ரெட்டர். முதலில் பைத்தானில் அடுக்கையும் அடைப்புக்குள் உள்ள நிரல்களையும் சாதாரண லிஸ்டாக வைத்தேன். ஒரு பட்டியலை 'இரட்டி' செய்து, ஒரு பிரதியில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் மற்றதிலும் அது சேர்ந்துவிட்டது. பிரதி என்று நான் நினைத்தது ஒரே பொருளைக் காட்டும் இன்னொரு சுட்டிதான் (பாயின்டர்). எல்லாவற்றையும் மாற்ற முடியாத இணைப்புப் பட்டியலாக, அதாவது ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் பட்டியலாக, ஆக்கியதும் சரியாயிற்று. தலையில் ஒன்றைச் சேர்த்தாலும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். எவ்வளவு பெரிய பட்டியலையும் இரட்டிக்க ஒரு சுட்டி போதும். ஜாய் ஏன் சார்புவழி மொழி, அதாவது இருப்பதை மாற்றாமல் சார்புகளாலேயே கணக்கிடும் மொழி, என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்தது ஆழம். அடைப்புக்குள் அடைப்பாக ஓடவிட்டபோது ஒரு சார்பு தன்னையே எத்தனை ஆழம் அழைக்கலாம் என்ற பைத்தானின் மீள்அழைப்பு வரம்பு குறுக்கே வந்தது, அது இயல்பாக 1000. இதைத் தாண்ட, இன்னும் ஓடவேண்டிய நிரலையும் ஒரு பட்டியலாக்கினேன். இப்போது இயந்திரத்தின் நிலை இரண்டே பட்டியல்கள்: அடுக்கு ஒன்று, மிச்ச நிரல் ஒன்று. மிச்சத்தின் முதல் சொல்லை எடு. எண்ணோ அடைப்போ என்றால் அடுக்கில் வை. அடிப்படைக் கட்டளை என்றால் செய். நாமே வரையறுத்த சொல் என்றால் அகராதியில் தேடி, அதன் உடலை மிச்சத்தின் முன்னால் கோத்துவிடு. அடைப்பை ஓடவிடுவதும் அதேதான், உள்ளே இருப்பதை மிச்சத்தின் முன்னால் கோப்பது. வேறு வேலையே இல்லை!

மணிமாலையை எந்த இடத்தில் வெட்டி முடிச்சுப் போட்டாலும் இரண்டும் மாலைகள்தான். அடைப்புக்கு வெளியே எந்தச் சொல்லிடைவெளியில் வெட்டினாலும் ஜாய் நிரல் இரண்டு முழு நிரல்களாகும், இரண்டுக்கும் தனித்தனியே பொருள் உண்டு. சி மொழியின் ஒரு வரியை இப்படி நடுவில் வெட்ட முடியாது. அடுக்கை வைத்தே இயங்கும் பழைய மொழியான ஃபோர்த்திலும் ஒரு நீண்ட வரையறையின் நடுத்துண்டை வெட்டித் தனிச் சொல்லாக்குவது அன்றாட வேலை. அதை உருவாக்கிய சார்லஸ் மூர் அந்த மொழியில் கட்டளைகளைச் சொல் என்றும், அவை இருக்கும் இடத்தை அகராதி என்றும்தான் அழைத்தார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுக்கில் ஒன்றை ஏற்றும் புஷ் என்பதைத் 'தள்ளு' என்று தயவுசெய்து போடாதீர்கள். தமிழில் தள்ளுவது என்றால் வேண்டாம் என்று விடுவதும்தான், பொருள் நேர் எதிராகப் போய்விடும். வை, எடு போதும். சதுர அடைப்பு நிரலை ஆங்கிலத்தில் கொட்டேஷன் என்கிறார்கள், அதற்கு மேற்கோள் பொருந்தவில்லை. 'முடிப்பு' என்கிறேன், பணமுடிப்பில் வருகிறதே, அது. அதை ஓடவிடும் கட்டளை 'அவிழ்'.

டிப் என்ற கட்டளைக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. மேல்பானையை ஒரு கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றில் முடிப்பை அவிழ்த்துவிட்டு, பிறகு பானையைப் பழையபடி மேலே வைப்பது அதன் வேலை. இதை ஒரே சொல்லில் சொல்லும் வினை உங்கள் ஊர்ப்பக்கம் அடுக்களையிலோ களத்துமேட்டிலோ இருந்தால் எழுதுங்கள். கட்டுரையில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.