மக்கிமோசாரஸ் ரெக்ஸ் 9.6 மீட்டர் என்று இன்னும் எத்தனை நாள் எழுதுவீர்கள்?

தொல்லெலும்பு:
துனிசியாவில் எலும்புகள் கிடைத்த, அழிந்துபோன மக்கிமோசாரஸ் ரெக்ஸ் "ஏறத்தாழ 10 மீட்டர் நீளக் கடல்முதலை" என்றும், நீளம் 9.6 மீட்டர் என்றும் தென்கரை நேற்றைய பதிவில் எழுதியிருக்கிறார். 2016 ஜனவரியில் வந்த தலைப்புச் செய்தியை ஒப்பிப்பது அறிவியல் ஆகாது. அதே ஆண்டிலேயே தொல்லுயிர் ஆய்வாளர் மார்க் யங் குழுவினர் அந்த நீளத்தை 7 மீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டார்கள்.

தென்கரை:
நான் செய்தித்தாளைப் பார்த்து எழுதவில்லை. துனிசியாவில் தட்டாவின் என்ற ஊர்ப் பகுதியில் ஆய்வாளர் ஃபெடரிகோ ஃபாண்டி குழுவினர் கண்டெடுத்த மண்டையோடு மட்டுமே ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். எலும்பை நேரில் அளந்தவர்கள் சொன்ன எண் 9.6. அவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

தொல்லெலும்பு:
மண்டையோட்டின் நீளத்தை யார் மறுத்தார்கள்? பெருக்கலைத்தான் மறுக்கிறேன். 155 செ.மீ. தலையை ஆறு மடங்குக்கும் மேலாகப் பெருக்கினால்தான் 9.6 மீட்டர் வரும். ஆனால் இந்தக் குடும்பத்து விலங்குகளுக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது. வாழும் முதலைகளை அளவுகோலாக வைத்து அழிந்துபோனவற்றின் உடலை அளக்கக் கூடாது என்பதுதான் யங் கட்டுரையின் வாதமே. வட பிரான்சின் ஆம்பிளிட்டூஸில் கிடைத்த, இதன் நெருங்கிய உறவினமான மக்கிமோசாரஸ் மோசேயின் எலும்புக்கூட்டைப் பாருங்கள், பிறகு பேசலாம்.

வேம்படியான்:
எதைக் கடல்முதலை என்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வோமா? மெட்ரியோரிங்கிடுகள் என்ற, அழிந்துபோன இன்னொரு கடல்முதலைக் குடும்பத்துக்கு முதுகுக் கவசத்தட்டுகள் இல்லை, கால்கள் துடுப்பாகிவிட்டன, வால் நுனியில் துடுப்பு இருந்தது. மக்கிமோசாரஸோ கவசத்தோடு கரையோர நீரில் வாழ்ந்தது.

தென்கரை:
அது வேறு பேச்சு. ஃபாண்டி எழுதியது 9.6.

தொல்லெலும்பு:
அது வேறு பேச்சுதான். யங் எழுதியது 7.

கல்மரம்:
இதற்கா இவ்வளவு சண்டை? நைஜர் நாட்டில் கிடைத்த, அழிந்துபோன முதலையினமான சார்க்கோசூக்கஸ் 11 மீட்டருக்கு மேல் இருந்தது.

தொல்லெலும்பு:
சார்க்கோசூக்கஸ் ஆற்று விலங்கு, கல்மரம் அவர்களே. அதன் நீளத்தையும் பின்னர் வந்த ஆய்வாளர்கள் குறைத்துவிட்டார்கள். மோசசோர் என்ற அழிந்துபோன கடல் ஊர்வன பற்றிய முந்தைய விவாதத்திலும் பாதியில் நுழைந்து திசைதிருப்பியது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

கல்மரம்:
அங்கேயும் கடைசிச் சொல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர் தாங்கள்தான்.

தென்கரை:
சுவிட்சர்லாந்தின் ஸோலோதூர்னில் கிடைத்த ஜுராசிக் கால ஆமை ஓடுகளில் மக்கிமோசாரஸின் கடித்தடங்கள் இருக்கின்றன. குட்டையான, முனை மழுங்கிய, நெடுக வரிவரியாக மேடுகள் ஓடும் அந்தப் பற்களால் ஆமை ஓட்டையே கடித்த இனத்தைச் சேர்ந்தது இது. இதில் மிகப் பெரியதை 7 மீட்டருக்குள் சுருக்க உங்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம்?

தொல்லெலும்பு:
ஆமை ஓட்டைக் கடிக்க அகன்ற தலையும் வலுவான தாடையும் போதும். வாலின் நீளம் எதற்கு? நீங்கள் சொல்வது பெரிய தலை என்ற என் வாதத்துக்கே சான்று. 9.6 மீட்டரைத் தாங்கும் முழு முதுகெலும்புத் தொடர் தட்டாவினில் கிடைத்ததா? கிடைத்தது மண்டையோடும் சில எலும்புகளுமே. மீதமுள்ள உடல் முழுவதும் கணக்கு, கணக்கைத் திருத்தலாம், திருத்திவிட்டார்கள்.

தென்கரை:
யங் சொன்ன 7 மீட்டரும் கணக்குத்தானே?

தொல்லெலும்பு:
ஆம், நெருங்கிய உறவினத்தின் எலும்புக்கூட்டை வைத்துப் போட்ட கணக்கு. அதில் எந்த இடம் தவறு என்று காட்டுங்கள். அதுவரை உங்கள் ஒவ்வொரு பதிவின் கீழும் 7 என்றே எழுதுவேன்.

தென்கரை:
எழுதுங்கள். என் பதிவில் 9.6 அப்படியே இருக்கும்.