மறு: சர்க்கேடியன் கடிகாரத்துக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

தூக்கத்தையும் விழிப்பையும் நாளோடு சேர்த்து நடத்தும் உடம்பின் உள் கடிகாரத்தைத்தான் ‘சர்க்கேடியன் கடிகாரம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் திருவாரூர் அன்பர் ‘தினசரிக் கடிகாரம்’ போதும் என்கிறார். எனக்குப் போதவில்லை. 1959இல் அறிவியலாளர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் ‘சர்க்கேடியன்’ என்ற சொல்லைக் கட்டியபோது இலத்தீனிலிருந்து இரண்டு சொற்களை எடுத்தார்: ‘ஏறத்தாழ’, ‘நாள்’. அந்த ஏறத்தாழவில்தான் விஷயமே இருக்கிறது. வெளிச்சம் வழிகாட்டாதபடி வைத்துப் பார்த்தால், மனித உடலின் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். ஒரு நாழிகை 24 நிமிடம் அல்லவா? நம் உடம்பு நாளைவிட ஏறக்குறைய அரை நாழிகை பிந்துகிறது; காலை வெளிச்சம் தினமும் அதை இழுத்து நேராக்குகிறது. ‘தினசரி’ என்றால் இந்த அரை நாழிகை தொலைந்துபோகும். ‘உயிரியல் கடிகாரம்’ கடல் ஏற்றவற்றத்தோடு இயங்கும் உயிர்களின் சுற்றையும் பருவச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப்பெயர். அது தனியாக இருக்கட்டும்.

என் முன்மொழிவு ‘நாளொட்டி’. எங்கள் கும்பகோணம் பக்கத்தில் “ஆத்த ஒட்டியே போ” என்று வழி சொல்வார்கள். ஆற்றில் இறங்க வேண்டாம், ஆற்றை விட்டு விலகவும் வேண்டாம். அது வளையும் இடத்தில் நாமும் வளைய வேண்டும். உடம்பு நாளோடு போவதும் அப்படித்தான்.

அடுத்தது சாப்பாடு. ஒடிசாவில் பிறந்து கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் பணியாற்றும் சச்சிதானந்த பாண்டாவின் குழு 2012இல் வெளியிட்ட எலி ஆய்வு: இரு கூட்டத்துக்கும் ஒரே கொழுப்புத் தீவனம், ஒரே அளவு கலோரி. ஒன்று நினைத்தபோதெல்லாம் தின்றது. மற்றது இரவில் 8 மணி நேரத்துக்குள் மட்டும். முதல் கூட்டம் பருத்தது, ஈரல் கெட்டது. இரண்டாவது தப்பியது. ஈரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு, அதை நகர்த்துவது சாப்பாட்டு நேரம். இந்த முறைக்கு ‘பொழுதுக்குள் உண்ணல்’ என்று வைக்கலாமா?

———

மயிலாடுதுறையிலிருந்து:

ஐயா, விளக்கம் பிடித்தது. சொல் உறுத்துகிறது. ‘நாளொட்டி’ என்றதும் சுவரொட்டிதான் கண்முன் வருகிறது. ‘பொழுதுக்குள்’ என்பதிலும் தயக்கம். “பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடு” என்றுதானே அப்பத்தா சொல்லும்? அது பகல். உங்கள் எலி தின்றது ராத்திரியில். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களுக்கும் பொருந்துகிற சொல்லாக வேண்டும்.

———

அம்மா, சுவரொட்டி எனக்குத் தோன்றவே இல்லை, சரியாகச் சொன்னீர்கள். ‘ஒட்டி’ என்று முடிந்தால் ஒட்டுகிற பொருளாகிவிடுகிறது. ‘நாளொட்டு’ என்று மாற்றிவிடுகிறேன். நாளொட்டுக் கடிகாரம், நாளொட்டுச் சுழற்சி, நாளொட்டு வளர்சிதை மாற்றம் எல்லாம் தடுக்காமல் வாயில் வருகின்றன. இரவு வேலையால் வரும் கோளாறுக்கு ‘நாளொட்டுப் பிசகு’ என்றால் நோயாளிக்கே புரியும்.

பொழுதை மட்டும் விட மனமில்லை. தொல்காப்பியம் மருதத்துக்கு வைகறையையும் விடியலையும், குறிஞ்சிக்கு யாமத்தையும் சிறுபொழுதாகக் கொடுக்கிறது. நள்ளிரவும் பொழுதுதான். முறைத்தண்ணீர் பாய்ச்ச மண்வெட்டியோடு இரவில் வயலுக்குப் போனவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. “சாமப்பொழுது” என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எலிக்கு அதன் பொழுது, நமக்கு நம் பொழுது.

இரவு வேலைக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? அடுத்த வாரம் ஒருவரிடம் ‘நாளொட்டுப் பிசகு’ என்று சொல்லிப் பார்த்து, அவர் திருப்பி என்ன கேட்டார் என்று எழுதுங்கள். அதுவரை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.