கடைசிப் பக்கம் விட்டுப்போனதால்தான் மோபி டிக் தோற்றதா?

பதினோராம் வரைவு:
நேற்று இங்கே, துப்பறியும் நாவல் எழுதும் முடிச்சு மன்னன் போகிறபோக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். "வித்தியாசமாக எழுதினால் விற்காது என்பது எழுதத் தெரியாதவர்களின் சாக்கு. எடுத்ததற்கெல்லாம் காட்டுகிறார்களே மோபி டிக், அதுகூட வித்தியாசத்தால் தோற்கவில்லை. லண்டனில் அச்சடிக்கும்போது கடைசிப் பக்கம் விட்டுப்போனது. அதனால் தோற்றது." இதற்குப் பாராட்டு வேறு. எனக்கு ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1851 அக்டோபரில் லண்டனில் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பதிப்பாளர், அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய இந்த நாவலை 'திமிங்கிலம்' என்ற பெயரில், மூன்று பாகமாக, 500 படிகள் போட்டார். திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல் மூழ்கி எல்லோரும் சாகிறார்கள்; கதைசொல்லி இஸ்மவேல் மட்டும் ஒரு சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைக்கிறான். இதைச் சொல்லும் ஒற்றைப் பக்கப் பின்னுரை அந்தப் பதிப்பில் இல்லை. எல்லோரும் செத்தபிறகு கதையை யார் சொன்னது என்று லண்டன் விமர்சகர்கள் சிலர் கேலி செய்தார்கள். இதுவரை சரி.

ஆனால் அடுத்த மாதமே நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் அதே நாவலைப் போட்டது. அதில் பின்னுரை இருந்தது. முழுசாக இருந்தது. மெல்வில் 1891-ல் சாகும்வரை, நாற்பது வருடத்தில், அந்தப் பதிப்பு விற்றது மூவாயிரத்துச் சொச்சம். கடைசிப் பக்கம் இருந்துமா விற்கவில்லை, மன்னரே?

முடிச்சு மன்னன்:
வந்துவிட்டார். வணக்கம்.

லண்டனில் வந்த ஏச்சு லண்டனிலேயே நின்றதா? அத்தீனியம் என்ற லண்டன் ஏட்டின் விமர்சனத்தை பாஸ்டன் போஸ்ட் என்ற அமெரிக்க நாளிதழ் எடுத்துப் போட்டது. அமெரிக்க வாசகன் தன் ஊர்ப் பதிப்பைத் தொடுவதற்கு முன்பே லண்டன்காரன் கண்ணால் அதைப் படித்துவிட்டான். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு எழுதிய விமர்சனம், கடைசிப் பக்கம் இருந்த புத்தகத்தைக் கொன்றது. இவ்வளவுதான் நான் சொன்னது.

அப்புறம் 1853 டிசம்பரில் ஹார்ப்பர் கட்டடமே எரிந்தது. விற்காமல் கிடந்த படிகளும் சாம்பல். அதையும் வாசகனின் ரசனைக் குறைவு என்று கணக்கெழுதப் போகிறீர்களா?

என் பதினாலாவது நாவல் இப்போது அச்சில் இருக்கிறது. உங்கள் பதினோராவது வரைவு எப்படிப் போகிறது?

பதினோராம் வரைவு:
விற்காமல் கிடந்த படிகள் எரிந்தன என்று நீங்களே சொல்கிறீர்கள். இரண்டு வருடம் ஏன் விற்காமல் கிடந்தன? அதைக் கேட்டால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிறீர்கள்.

அத்தீனியம் ஏட்டை நீங்கள் இழுத்தது நல்லதாகப் போயிற்று. அந்த விமர்சனம் தொடங்குவதே எங்கே தெரியுமா? கற்பனைக் கதையும் நிஜத் தகவலும் சரியாகச் சேராத கலவை என்றுதான். கலவை! அதாவது வடிவம். கடைசிப் பக்கம் அல்ல, முதல் பக்கத்திலிருந்தே அவர்களுக்குப் பிரச்சினை.

புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வேட்டைக்குக் கிளம்புகிற கப்பலின் தலைவன் ஆகாப் மேல்தளத்தில் தலைகாட்டுவதே 28-ஆம் அத்தியாயத்தில். சரி, இனி வேட்டைதான் என்று வாசகன் நிமிர்ந்து உட்கார்ந்தால், 32-ஆம் அத்தியாயத்தில் கதையை நிறுத்திவிட்டுத் திமிங்கிலங்களை வகைபிரிக்கிறார். எப்படி? புத்தகங்களைப் போல. பெரிய தாள் அளவு, எட்டாக மடித்த அளவு, பன்னிரண்டாக மடித்த அளவு. ஒவ்வொரு இனமும் ஓர் அத்தியாயம். வால் கிடைமட்டமாக இருக்கும், நீர் பீய்ச்சும் மீன், அதுதான் திமிங்கிலம் என்று சாதிக்கிறார். 40-ஆம் அத்தியாயம் நாடகம். பாத்திரத்தின் பெயரைப் போட்டு வசனம். 42-ஆம் அத்தியாயம் முழுக்க வெள்ளை நிறம் ஏன் அச்சமூட்டுகிறது என்ற யோசனை. மொத்தம் 135 அத்தியாயங்கள். இத்தனையையும் தாண்டிப்போய், 'ஐயோ கடைசிப் பக்கம் இல்லையே' என்று புத்தகத்தை வீசினானா அந்த வாசகன்?

மெய்ப்புத் திருத்தி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திமிங்கிலமா திமிங்கலமா? இப்போது எல்லோரும் எழுதுவது திமிங்கலம். பதினோராம் வரைவு வேண்டுமென்றே பழையதைப் பிடித்துத் தொங்குகிறார்.

இன்னொன்று. 'பின்னுரை' என்றால் நூலுக்கு வெளியே நின்று எழுதுவது. இது கதையின் பகுதி. 'இறுதிப் பகுதி' என்பதே பொருத்தம்.

பதினோராம் வரைவு:
திமி என்ற மீனை விழுங்குவது திமிங்கிலம். சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல், நடுவில் 'கி'தான். வேர் தெரிந்தவன் அப்படித்தான் எழுதுவான்.

மெய்ப்புத் திருத்தி:
வேர் தெரிந்தவருக்கு அதையும் விழுங்கும் திமிங்கிலகிலம் தெரிந்திருக்குமே. மற்றவர்கள் பேசுவதையெல்லாம் விழுங்கும் ஒன்றை இங்கேயே பார்க்கிறேன்.

அரைகுறை வாசகி:
ஒரே ஒரு சந்தேகம். வித்தியாசமான புனைவு என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? மொழியா, வடிவமா, கதையே இல்லாததா? அதை முடிவுசெய்யாமல் எது விற்கும், எது விற்காது என்று எப்படிப் பேசுவது?

அப்புறம், நான் அந்த நாவலை இப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் செத்துப்போவதை முதல் பதிவிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி.

முடிச்சு மன்னன்:
பாருங்கள் அம்மா, முடிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நீங்களே சாட்சி. முடிவு தெரிந்ததும் உங்களுக்குப் படிக்கும் ஆசை போய்விட்டதல்லவா? லண்டன் வாசகனுக்கு முடிவே கிடைக்கவில்லை. அந்த அத்தீனியம் கட்டுரையிலேயே முடிவைத் தெளிவில்லாமல் அவசரமாகச் செய்திருக்கிறார் என்ற குறையும் இருக்கிறது. நம் நண்பர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டார் போல.

அரைகுறை வாசகி:
எனக்கு ஆசை போகவில்லை. கோபம்தான் வந்தது.

பழைய பேனா:
தம்பிகளா, இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மெல்வில் தோற்றே பிறந்தவர் இல்லை. 1846-ல் வந்த டைப்பியும் அடுத்த வருடம் வந்த ஓமூவும் தென்கடல் சாகசக் கதைகள். நல்ல பெயர், நல்ல விற்பனை. 1849-ல் மார்டி என்று ஒன்றை இஷ்டத்துக்கு எழுதினார். அடி வாங்கினார். உடனே பணத்துக்காக ரெட்பர்ன், ஒயிட் ஜாக்கெட் என்று இரண்டு கடற்கதைகளைச் சில மாதங்களிலேயே எழுதித் தள்ளினார். அப்புறம்தான் இந்தத் திமிங்கல வேலை. மனிதருக்குச் சூத்திரம் கைவந்திருந்தது.

பதினோராம் வரைவு:
ஐயா, வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எழுதத் தெரியாதவன் சாக்கு என்றாரே மன்னர், மெல்விலுக்கா எழுதத் தெரியாது? விற்கிற மாதிரி எழுதிக் காட்டியவர்தானே? மார்டியில் எந்தக் கடைசிப் பக்கம் காணாமல் போனது? மோபி டிக்குக்கு அடுத்த வருடம் வந்த பியர் நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டார்களே, அதில் எந்தப் பக்கம்? 1857-க்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை நாவலே வெளியிடவில்லை. 1866-லிருந்து 19 வருடம் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராகச் சரக்கு பார்த்தார். ஒரு பக்கம் விட்டுப்போனதற்கா 19 வருடத் தண்டனை?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் நாவல் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்ட் பராமரிப்புப் பதிவேடு. தேதி, நேரம், எந்த மாடியில் நின்றது, என்ன பழுது, யார் கையெழுத்து. அவ்வளவுதான். ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பம் உடைவதை லிப்ட் எப்போதெல்லாம் அங்கே நடுராத்திரியில் நின்றது என்பதை வைத்து வாசகன் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பதிப்பாளர் முழுக்கப் படித்துவிட்டுப் போன் செய்தார். "பிரமாதம் சார். இது எந்த இரண்டு நாவலைச் சேர்த்தால் வரும்? அட்டையில் போட ஒரு வரி வேண்டும்" என்றார். எதைச் சேர்த்தாலும் வராது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதிவேடு வலது பக்கம் இருக்கட்டும். இடது பக்கத்தில் அதையே கதையாக எழுதித் தந்துவிடுங்களேன்" என்றார்.

இதில் வாசகன் எங்கே வந்தான்? அவன் கைக்குப் போகவே இல்லை.

முடிச்சு மன்னன்:
அந்தப் பதிப்பாளர் கொடுத்தது நல்ல யோசனை.

சூத்திரம் சூத்திரம் என்கிறீர்களே, அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பன்னிரண்டாம் பக்கத்துக்குள் பிணம் விழ வேண்டும். குற்றவாளி மூன்றாம் அத்தியாயத்துக்குள் வாசகன் கண்ணெதிரே வந்து போயிருக்க வேண்டும், ஆனால் ஞாபகத்தில் நிற்கக் கூடாது. வீட்டு வரைபடத்தை வரைந்து சுவரில் ஒட்டிவைத்துத்தான் எழுதுகிறேன். ஏழாவது நாவலில் ஒரு ஜன்னல் தாழ்ப்பாள் 30-ஆம் பக்கத்தில் உள்பக்கம், 161-ஆம் பக்கத்தில் வெளிப்பக்கம். எழுதும்போது தெரியவில்லை. வாசகர்கள் பதினோரு பேர் எழுதிக் கேட்டார்கள். பதினோரு பேர்! உங்கள் பதிவேட்டில் லிப்ட் இல்லாத மாடியில் நின்றிருந்தாலும் அதைக் குறியீடு என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

வித்தியாசம் விற்காதா? 1759-ல் டிரிஸ்ட்ரம் ஷாண்டி என்ற ஆங்கில நாவல் பாகம் பாகமாக வெளிவரத் தொடங்கியது. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. இன்னொரு இடத்தில் வெற்றுப் பக்கம், கதையில் வரும் விதவையை நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று. தன் கதையைச் சொல்ல வந்தவன் மூன்றாம் பாகத்தில்தான் பிறக்கிறான். அடுத்த வருடமே லண்டனில் ஆசிரியரை விருந்துக்குக் கூப்பிட ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஏன்? சிரிக்க வைத்தார். வித்தியாசம் தோற்காது, சலிப்பூட்டினால்தான் தோற்கும்.

பதினோராம் வரைவு:
பேச்சை மாற்றாதீர்கள். ஷாண்டியில் பக்கங்களோடு விளையாடியது ஆசிரியர். நாம் பேசுவது விட்டுப்போன பக்கத்தைப் பற்றி. நியூயார்க் பதிப்பில் அந்தப் பக்கம் இருந்ததா இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

நிழல்குடை:
இவ்வளவு நேரம் சும்மாதான் படித்துக்கொண்டிருந்தேன். இனி முடியவில்லை.

வித்தியாசத்துக்கு மதிப்பில்லை என்று கண்ணீர் விடும் இதே பதினோராம் வரைவு, மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒரு சிறுகதைப் போட்டியில் நடுவர். கடைசியிலிருந்து தொடக்கத்துக்குப் போகும் கதை ஒன்றை அனுப்பினேன். "உத்தி பழையது, கதை நேராகவே நடந்திருக்கலாம்" என்று திருப்பினார். முதல் பரிசு யாருக்கு? பிரிந்த நண்பர்கள் ரயிலில் சந்திக்கும் கதைக்கு. அன்று பதிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?

பதினோராம் வரைவு:
உங்கள் கதையை நான் மறக்கவில்லை. தலைகீழாக வைத்தாலும் அது பிரிந்த காதலர்கள் கதைதான். வாக்கியங்களைப் புரட்டிப் போட்டால் வித்தியாசம் ஆகிவிடுமா? மேலும், நடுவர்கள் மொத்தம் மூன்று பேர் இருந்தோம். என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?

நிழல்குடை:
மற்ற இருவரும் இங்கே வந்து மெல்வில் வேஷம் போடவில்லை.

அரைகுறை வாசகி:
இப்போது நான் கேட்டதற்கு வருகிறீர்களா? உத்தி பழையது என்று ஒரு கதையைத் திருப்பினால், எது புதியது? பதிவேட்டு வடிவமும் முன்பே வந்ததுதானே, கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் எத்தனையோ நாவல்கள் இல்லையா?

மெய்ப்புத் திருத்தி:
எண்ணிப் பார்த்தேன். இதுவரை பதினோராம் வரைவு மட்டும் 'திமிங்கிலம்'. பழைய பேனா ஐயா 'திமிங்கல வேலை' என்று சரியாக எழுதியிருக்கிறார். மன்னன் அந்தச் சொல்லையே தொடவில்லை. கெட்டிக்காரர்.

பழைய பேனா:
எனக்கு எது வந்தாலும் சரி தம்பி. கண்ணாடி போடாமல் தட்டினேன்.

லண்டன் பதிப்பைப் பற்றி ஒரு விஷயம். அதில் நாவலின் தொடக்கத்தில் வர வேண்டிய மேற்கோள் தொகுப்பைத் தூக்கி மூன்றாம் பாகத்தின் கடைசியில் வைத்துவிட்டார்கள். அந்த இடமாற்றத்தில்தான் கடைசிப் பக்கம் தவறியிருக்கும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். லண்டன் விமர்சனம் எல்லாமே ஏச்சும் அல்ல, மனம் திறந்து பாராட்டியவர்களும் இருந்தார்கள்.

பதினோராம் வரைவு:
கேட்டீர்களா? கடைசிப் பக்கம் இல்லாமலேயே பாராட்டியிருக்கிறார்கள்! அப்படியானால் அந்தப் பக்கம் காரணமே இல்லை.

முடிச்சு மன்னன்:
கேட்டீர்களா? அவ்வளவு வித்தியாசமான புத்தகத்தையும் பாராட்டியிருக்கிறார்கள்! அப்படியானால் வித்தியாசம் காரணமே இல்லை.

பதினோராம் வரைவு:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. நியூயார்க் பதிப்பில் அந்தப் பக்கம் இருந்ததா இல்லையா?

முடிச்சு மன்னன்:
இருந்தது. பாஸ்டன்காரன் லண்டன் விமர்சனத்தை எடுத்துப் போட்டானா இல்லையா?

பதினோராம் வரைவு:
போட்டான். அதில் கலவை சரியில்லை என்றுதான் இருந்தது.

முடிச்சு மன்னன்:
முடிவு சரியில்லை என்றும் இருந்தது. எனக்கு மெய்ப்புப் படி வந்துவிட்டது, பதினாலாவது நாவல். ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வேண்டும். நாளைக்கு வருகிறேன்.

மெய்ப்புத் திருத்தி:
அதை எனக்கு அனுப்பலாமே.

நிழல்குடை:
போட்டி விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.