தோப்புத் தெரு குழு: ரயிலைப் பார்க்க ரயிலில்

சனி, மாலை

ரெஜி: இந்தத் தடவை தெரு டூர் ரயில் டூர். சாயங்காலம் நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அன்றைக்கே திரும்பி வண்டி ஏறுகிறோம். லாட்ஜ் செலவு கிடையாது. யாரெல்லாம் வருகிறீர்கள்?

மெர்சி அக்கா: வேன் இல்லை என்றால் நான் ரெடி. போன வருஷம் ஆரல்வாய்மொழிக் காற்றில் வேன் பஞ்சராகி மூன்று மணி நேரம் நின்றோமே, என் சேலை பறந்ததை இன்னும் வீடியோ போட்டுச் சிரிக்கிறார்கள்.

வில்சன் அண்ணன்: சென்னையில் பார்க்க என்ன இருக்கு? பீச் என்றால் நமக்கு மூன்று கடல் இருக்கு.

ரெஜி: ராயபுரம் ஸ்டேஷன் அண்ணா. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-இல் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தக் கட்டடம் இப்போதும் நிற்கிறது. அப்புறம் ஐ.சி.எஃப் (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி, ரயில் பெட்டி செய்யும் ஆலை) பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம். பழைய இன்ஜின், பெட்டி எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ராஜம் சித்தி: நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல். அதுவும் திருவனந்தபுரம் பக்கம் மட்டும். திருநெல்வேலிக்குப் பாதை 1981-இல்தான். அதுவரை மெட்ராஸ் போக வேண்டுமானால் திருநெல்வேலி வரை பஸ். எங்கள் அப்பா டிரங்குப் பெட்டியைப் பஸ் மேலே கட்டிவிட்டு, வழி நெடுக ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டு வருவார்.

அபி: சித்தி, 2019-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நீராவி இன்ஜின் ஓட்டினார்களே, போனீர்களா?

ராஜம் சித்தி: போகாமலா? 1855-இல் இங்கிலாந்தில் செய்த இன்ஜினாம். ஊதின ஊதலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

கோச் மாமா: அந்த இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பட்டறையில் பழுதுபார்த்து மறுபடி ஓட வைத்தார்கள். சித்தி சொன்னது சரிதான், மாடு விஷயம் தவிர.

ரெஜி: மாமா, நீங்கள்தான் எங்களுக்கு கைடு. 34 வருஷம் ஐ.சி.எஃப்-இல் இருந்திருக்கிறீர்கள்.

கோச் மாமா: நான் வரவில்லை மக்கா. 34 வருஷம் பார்த்தது போதும். முட்டியும் ஒத்துழைக்காது. ஆலைக்குள்ளே அனுமதி இல்லாமல் விடவும் மாட்டார்கள்.

அபி: சரி மாமா, இங்கேயே சொல்லுங்கள். பெட்டியை எப்படிச் செய்வார்கள்?

கோச் மாமா: 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்து வைத்த ஆலை. ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியின் நுட்பம். அதற்கு முன்னால் பல பெட்டிகள் கனமான இரும்புச் சட்டத்தின் மேல் மரக்கூண்டு வைத்த மாதிரி. மோதினால் மேல்பகுதி தீப்பெட்டிதான். எங்கள் பெட்டியில் தரைச் சட்டம், பக்கச் சுவர், கூரை, முனைச் சுவர் எல்லாம் தனித்தனியாகச் செய்து ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) நிறுத்தி ஒன்றாக வெல்டு பண்ணுவோம். குழாய் மாதிரி எல்லாப் பக்கமும் சேர்ந்து பாரம் தாங்கும். 'இன்டெக்ரல்' என்ற பேர் அதனால்தான்.

அபி: நீங்கள் எந்தப் பிரிவு?

கோச் மாமா: ஷெல், அதாவது பெட்டியின் வெளிக்கூடு. வெல்டிங் சூட்டில் தகடு அலை அலையாகச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்துத் தடவினால்தான் தெரியும். அந்த இடத்தைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். அதற்கென்றே கை இருந்தது சிலருக்கு. இன்னொன்று, தரைச் சட்டத்தை நடுவில் கொஞ்சம் மேடாகச் செய்வோம். ஆட்கள் ஏறினதும் பாரத்தில் சமமாகிவிடும்.

வில்சன் அண்ணன்: எங்கள் வீட்டுக் கட்டிலும் அப்படித்தான் மாமா, முதலில் மேடு, இப்போது பள்ளம்.

மெர்சி அக்கா: 😂 மாமா, இப்போது ஸ்லீப்பரில் 80 பெர்த் இருக்கிறதே, முன்னால் 72தானே?

கோச் மாமா: இப்போது எல்.ஹெச்.பி பெட்டி. ஜெர்மனி டிசைன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எங்கள் பெட்டியைவிட நீளம். டிஸ்க் பிரேக். ஐ.சி.எஃப்-இல் பழைய மாதிரிப் பெட்டி செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் வந்தே பாரத் அங்கேதான் பிறந்தது. நான் ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் கழித்து.

ரெஜி: மாமா வராமல் இந்த டூர் இல்லை. வாக்கெடுப்பு வைக்கட்டுமா?

கோச் மாமா: வேண்டாம்.

ராஜம் சித்தி: ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் என் பொறுப்பு. டிக்கெட்டை முதலில் போடு. 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஞாயிறு, காலை

அபி: மாமா, டியூஷன் போகிற வழியில் ஜங்ஷனுக்குள் போனேன். கன்னியாகுமரி பாசஞ்சர் நின்றது. நீலப் பெட்டி. இதோ படம்.

மெர்சி அக்கா: பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்தாயா?

அபி: எடுத்தேன் அக்கா. நம்பர் 04 என்று ஆரம்பிக்கிறது மாமா.

கோச் மாமா: முதல் இரண்டு எண்தான் கட்டின வருஷம். 2004. கதவுப் பக்கம் தகட்டில் என்ன எழுதியிருக்கு?

அபி: ஐ.சி.எஃப்.

கோச் மாமா: ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்.

அபி: தடவிவிட்டேன். பெயின்ட் கையோடு வருகிறது. மற்றபடி வழவழவென்று இருக்கு.

ரெஜி: மாமா?

ராஜம் சித்தி: டைப் பண்ணுகிறார், நிறுத்துகிறார், டைப் பண்ணுகிறார்.

கோச் மாமா: அபி, அந்த வண்டி சாயங்காலம் திரும்பி வருமா?

அபி: வரும் மாமா.

கோச் மாமா: என்னைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போ. ரெஜி, எனக்கும் ஒரு டிக்கெட் போடு. லோயர் பெர்த்.