மறு: எக்ஸ்போஷர் காம்பன்சேஷனுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்ச அளவை நாமே கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயலுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லைச் சேர்ப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'வெளிப்பாடு இழப்பீடு' என்று அப்படியே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்தானே.

தெரிந்த சொற்கள்தான் ஐயா, அதுதான் சிக்கல். இழப்பீடு என்றால் பயிர் நாசமானதற்கு அரசு தருவது, பஸ் மோதியதற்குக் கோர்ட் தரச் சொல்வது. கேமராவில் யார் எதை இழந்தார்கள்? வெளிப்பாடு என்றதும் நடிகர் முகத்தில் தெரியும் உணர்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. சென்சார்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்ற எண்ணமே அதில் எழவில்லை.

சொல்லுக்குப் போகுமுன் அந்த டயல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அதைப் பனியில் பறவைப் படம் எடுப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். கல்யாண வீட்டில் படமெடுப்பவர் அதைத் தொடாமலே காலம் தள்ளலாம், பனியில் அது நடக்காது.

எதிரே இருப்பது பனியா கரியா என்று ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒன்று, என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. புதிதாய் விழுந்த பனி திருப்பி அனுப்புவதோ 80 முதல் 90 சதவீதம். நாலரை, ஐந்து மடங்கு வித்தியாசம். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் ஏறினால் ஒளி இரண்டு மடங்கு) இரண்டுக்குச் சற்று மேலே. மீட்டர் சொன்னபடியே எடுத்தால் பனி பழுப்பேறிய வேட்டி மாதிரி வந்து நிற்கும். இன்றைய கேமராக்கள் காட்சி முழுவதையும் பார்த்துக் கொஞ்சம் சுதாரித்துக்கொள்வதால் பெரும்பாலும் டயலில் +1, +1.7 ஸ்டாப் ஏற்றினால் போதும். ஆனால் தானாகவே முழுதும் சரியாக வந்துவிடும் என்று நம்ப முடியாது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் குளிர்காலத்தில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். குஷிரோ சதுப்புநிலத்தை ஒட்டிய த்சுருயி கிராமத்தில் ஒட்டோவா பாலம் என்று ஒன்று இருக்கிறது. உச்சந்தலை சிவந்த தான்ச்சோ கொக்குகள் இரவில் அங்கே ஆற்றின் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடி தூங்கும். ஜப்பானில் இந்தக் கொக்கு அற்றே போய்விட்டது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1924-இல் குஷிரோ சதுப்பில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. 1950-களின் தொடக்கத்தில் உள்ளூர் விவசாயிகள் கடுங்குளிரில் மக்காச்சோளம் போட ஆரம்பித்த பிறகு பெருகி, இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. வெப்பநிலை மைனஸ் 20-ஐ நெருங்கும் காலைகளில் உறையாத ஆற்றிலிருந்து ஆவி எழும்பிக் கரையோர மரக்கிளைகளில் வெள்ளையாகப் படியும். விடியுமுன்பே பாலத்தில் கேமரா முக்காலிகள் வரிசை கட்டிவிடும்.

அங்கே கொக்கும் வெள்ளை, நிலமும் வெள்ளை. மேகமூட்டமான பகலில் வயல்வெளிப் பனியில் நிற்கும் கொக்குக்கு +1.3 முதல் +2 வரை தாராளமாக வைக்கலாம். வெயில் அடித்தால் கையை அடக்க வேண்டும். கழுத்தின் கறுப்பில் இழை தெரிய வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால், முதுகின் வெள்ளை இறகு வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். அதை மறுபடி மீட்க முடியாது. திரையில் மினுக்கும் வெளுப்பு எச்சரிக்கையைப் போட்டு வைத்துக்கொண்டு, பறவையின்மீது மினுக்கத் தொடங்கியதும் ஒரு சொடுக்குக் குறைப்பதுதான் நடைமுறை. சூரியன் ஆவிக்குப் பின்னால் எழும்போது கதையே வேறு. அந்த மங்கலும் நிறமும் வேண்டுமென்பவர்கள் பூஜ்ஜியத்திலேயே விடுவார்கள், சிலர் மைனஸுக்கும் இறங்குவார்கள்.

அப்புறம் ரவுசு. ஷிரெடோகோ தீபகற்பத்தின் கிழக்குக் கரை. ஓகோட்ஸ்க் கடலில் மிதந்துவரும் பனிப்பாளங்கள் பிப்ரவரியில் அங்கே ஒதுங்கும், அவற்றின்மேல் ஸ்டெல்லர் கடற்கழுகு உட்காரும். உடம்பு கிட்டத்தட்ட கறுப்பு, தோளும் வாலும் வெள்ளை, பெரிய மஞ்சள் அலகு. கழுகு தூரத்தில் சிறியதாக இருந்தால் சட்டகம் முழுக்கப் பனிதான், அதனால் பிளஸ். அதே கழுகு பக்கத்தில் வந்து சட்டகத்தை அடைத்துக்கொண்டால் மீட்டர் கறுப்பைப் பார்த்துப் பதறி வெளிச்சத்தை ஏற்றிவிடும், தோள் வெளுத்துப்போகும். இப்போது மைனஸ் 0.7 வைக்க வேண்டும். பறவையும் அதேதான், வெயிலும் அதேதான். தூரம் மாறியதும் குறி தலைகீழாகிவிட்டது. (படகிலிருந்து மீனை எறிந்து கழுகை வரவழைப்பது பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதை வேறு இழையில் பேசலாம்.)

> 'ஒளியூட்டம்' அழகாக இருக்கிறதே? அல்லது 'ஒளி ஈடுகட்டல்'?

ஒளியூட்டம் என்றால் ஒளியைக் கொடுப்பது. அது ஃபிளாஷுக்குப் பொருந்தும். இந்த டயல் ஒளியைக் கொடுப்பதில்லை. ஷட்டர் வேகத்தையோ லென்ஸின் துவாரத்தையோ ஐஎஸ்ஓவையோ (சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) மாற்றச் சொல்கிறது. பறக்கும் பறவைக்குப் பலர் ஷட்டரையும் துவாரத்தையும் தாங்களே வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுகிறார்கள். அப்போது டயலை +2-க்குத் திருப்பினால் சென்சாரில் விழும் ஒளி துளியும் கூடாது, பெருக்கம்தான் கூடும். ஆக, மாறுவது மீட்டரின் கணிப்பு. ஈடுகட்டல் இதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் குறைந்ததைத்தான் ஈடுகட்டுவோம், கூடியதை ஈடுகட்டினேன் என்று யாரும் சொல்வதில்லை. கழுகு பக்கத்தில் வந்ததும் அந்தச் சொல் கைவிட்டுவிடும்.

'திருத்தம்' இரண்டு பக்கமும் போகும். ஆனால் படம் எடுத்த பிறகு கணினியில் செய்வதைப் படத்திருத்தம் என்று இங்கே பலர் எழுதிப் பழகிவிட்டோம். எடுக்கும்போது செய்வதையும் எடுத்தபின் செய்வதையும் ஒரே சொல்லால் சொன்னால் புதிதாகக் கற்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை: ஒளிச்சரிக்கட்டு. கணக்கில் கூடுதல் வந்தாலும் குறை வந்தாலும் சரிக்கட்டுவோம் என்றுதான் சொல்கிறோம். கணக்கு ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது, அது பிசகு, நாம் அதைச் சரிசெய்கிறோம் என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. வினையாகவும் வளையும்: "பனிக்கு ஒன்றரை சரிக்கட்டினேன்", "கழுகுக்குக் கீழே சரிக்கட்டு".

---

(மறுநாள், அதே இழையில்)

> அதிகாரியைச் சரிக்கட்டினான் என்றும் சொல்கிறோமே!

சொல்கிறோம். தன் விதியைவிட்டு நகராத மீட்டரையும் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இடம் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும், கவலை வேண்டாம்.

> ஒன்பது எழுத்து. டயலில் எங்கே பொறிப்பது?

பெரும்பாலான கேமராக்களில் கூட்டல், கழித்தல் குறிகள் மட்டும்தான் இருக்கின்றன. சொல் தேவைப்படுவது மெனுவிலும் கையேட்டிலும்தான். அங்கே இடம் இருக்கிறது.

> டொரண்டோ பக்கம் பனி ஆந்தை எடுக்கிறேன். எப்போதும் முழு மேனுவல்தான், எல்லா அளவையும் நானே வைப்பேன். எனக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது போலிருக்கிறதே?

நீங்கள் செய்வது சரியான முறை. ஒளி மாறாத நாளில் ஆந்தை பனி வயலிலிருந்து இருண்ட பைன் மரங்களின் பக்கம் பறந்தால், அதன்மேல் விழும் ஒளி மாறுவதில்லை, பின்னணிதான் மாறுகிறது. ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்குப் போடும். ஆனால் மேனுவலில் அளவை எப்படித் தீர்மானித்தீர்கள்? பனியை அளந்து, மீட்டர் முள் +1.7-இல் நிற்கும்படி வைத்திருப்பீர்கள். டயல் செய்வதைக் கையால் செய்திருக்கிறீர்கள். அதையும் சரிக்கட்டு என்றே சொல்லலாம்.

இன்னொன்று தம்பி. நேற்றைய மடலில் ஆந்தை உட்காரும் வேலியை ஊர், சாலைப் பெயரோடு போட்டிருந்தீர்கள். இனி வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் பகலில் ஓய்வெடுக்க வேண்டிய பறவையை எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். கடையில் எலி வாங்கிவந்து எறிந்து படமெடுப்பவர்களும் உண்டு.

> ஸ்டாப்புக்கு 'நிறுத்தம்'?

பேருந்து வந்துவிடும். 'படி' என்று வைக்கலாம். ஒரு படி ஏறினால் இரண்டு மடங்கு, இறங்கினால் பாதி. இதற்கு எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன்.

பட்டியலில் தற்காலிகமாக இப்படி ஏற்றியிருக்கிறேன்:

ஒளிச்சரிக்கட்டு (பெயர்), சரிக்கட்டு (வினை): காட்சி மிக வெளிறியோ மிகக் கறுத்தோ இருப்பதால் மீட்டரின் ஒளிக்கணிப்பில் வரும் பிசகை, படமெடுப்பவர் படிக்கணக்கில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வது. எ-டு: பனியில் நிற்கும் கொக்குக்கு ஒன்றரைப் படி மேலே சரிக்கட்டு.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) என்பதற்கான சொல்லை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.