மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் என்ன செய்யும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்காரி:
தித்திவங்சா ஏரிப் பக்கம் ஹெலிகாப்டரில் கே.எல். (கோலாலம்பூர்) சுற்றிப் பார்க்கப் பிள்ளைகளோடு போயிருந்தோம். ஒரு துளி மழை இல்லை. இரட்டைக் கோபுரத்தின் உச்சி மட்டும் மேகத்துக்குள். அதற்கே ரத்து என்றுவிட்டார்கள்! பெரிய விமானங்கள் அதே மேகத்துக்குள்தானே புகுந்து போகின்றன?

சுபாங் ஸ்பானர்:
ரத்து செய்த பைலட்டுக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்கள், தங்கச்சி. சுபாங்கில் ஹெலிகாப்டர் மெக்கானிக் நான். சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் தரையைக் கண்ணால் பார்த்தே பறப்பவை. மேகத்துக்குள் போனால் உள்காது பொய் சொல்லும். சாய்ந்துகொண்டிருந்தாலும் நேராக இருப்பதாகவே தோன்றும். 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி விமானம் ஓட்டவைத்துச் சோதித்தார்கள். சராசரியாக 178 வினாடியில் கட்டுப்பாடு போனது. ஹெலிகாப்டர் இன்னும் மோசம், தானாக நிலைக்கு வராது.

2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் உட்பட 9 பேர் ஹெலிகாப்டர் விழுந்து இறந்ததும் இப்படித்தான். அந்தப் பைலட்டுக்குக் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி இருந்தது. நிறுவனத்துக்கோ கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே அனுமதி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கெர்த்தே ஆள்:
வீடு ரவாங், வேலை திரங்கானு கடலில் எண்ணெய் மேடையில். வருடக் கடைசிப் பருவமழை நேரம், மேடைக்கு ஹெலிகாப்டரில் போகிறோம், ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. முன்னால் ஒரு பைலட் கருவிகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மற்றவர் உயரமானியில் விரலை வைத்தபடி வெளியே பார்த்தார். மேடை தெரியவே இல்லை. சரி என்று மேலே ஏறிக் கரையில் இருக்கும் கெர்த்தேவுக்கே திரும்பிவிட்டோம். பயமெல்லாம் இல்லை, பசிதான்.

செந்தூல்காரி:
அப்போ கே.எல்.லிலும் அப்படியே செய்யலாமே அண்ணே?

சுபாங் ஸ்பானர்:
கருவி மட்டும் போதாது, பாதை வேண்டும். வழக்கமான கருவிப் பாதைகள் உயரத்தில் போய் ஓடுபாதையில் முடிபவை. ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் ஓடுபாதை ஏது? அதனால் ஹெலிகாப்டருக்கென்றே செயற்கைக்கோள் வழிகாட்டும் தாழ்வான பாதை போடுகிறார்கள்; மையக்கோட்டிலிருந்து இருபுறமும் 0.3 கடல்மைல், சுமார் 550 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பாதை வானத்தில் ஒரு புள்ளியில் முடியும். அங்கே தரை தெரிந்தால் இறங்கு, தெரியாவிட்டால் ஏறிப் போ. சுவிட்சர்லாந்தின் மீட்பு ஹெலிகாப்டர்களுக்கு இப்படி ஒரு வலையே இருக்கிறது.

இங்கே கே.எல்.லில் 678.9 மீட்டரில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது, அது வரைபடத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டடத்தின் கிரேன் இன்று எத்தனை மாடி ஏறியிருக்கிறது என்று யார் சொல்வது? கட்டுமானக்காரர், கட்டுப்பாட்டு கோபுரம், வானிலை ஆட்கள், ஆஸ்பத்திரி எல்லாரும் ஒரே மேசைக்கு வர வேண்டும். ஒரு நிறுவனம் தனியாகப் பாதை போட்டுக்கொள்ள முடியாது.

கெர்த்தே ஆள்:
கடல் பக்கம் அது நடந்தது அண்ணே. 2014ல் பெரிய ஹெலிகாப்டர் நிறுவனங்கள் ஹெலிஆஃப்ஷோர் என்ற அமைப்பைத் தொடங்கின. ஒப்பந்தத்துக்கு அடித்துக்கொள்பவர்கள், பாதுகாப்பு விஷயத்தை மட்டும் ஒளிக்காமல் பகிர்கிறார்கள். நகரத்தில் பறக்கும் சின்ன நிறுவனங்களை அப்படி யார் கூட்டுவது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.