பர்கூர் மலைக்கு கன்னடம் பேசும் நர்ஸ் யாராவது இருக்கீங்களா?

வணக்கமுங்க. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில், வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்க உள்ளூர்ப் பெண்கள் ஆறு பேரைப் பழக்குகிறோம். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் செய்கிற மாதிரி வேலைதான். கெட்டிக்காரப் பிள்ளைகள். கைப்பட்டையை ஜாக்கெட் மேலேயே சுற்றக் கூடாது என்று ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

பேச்சில்தான் திணறல். போன வாரம் ஒரு ஆத்தா, தலைசுற்றல் நின்றுவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தி, முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். “சரியாப் போச்சே, இனி எதுக்கு?” என்று அவர் கன்னடத்தில் கேட்க, எங்கள் பிள்ளைக்குப் பதில் வரவில்லை. எனக்கோ கன்னடமே வராது.

வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் யாரானாலும் சரி, மாதம் இரண்டு ஞாயிறு வந்து சொல்லித்தர முடியுமா? அந்தியூரிலிருந்து வண்டி, சாப்பாடு எங்கள் பொறுப்பு. அப்புறம், பெரிய கைப்பட்டை உள்ள பிரஷர் மிஷின் ஒன்றும் வேண்டுமுங்க.